எடைக்குப் போகாத இதழ்கள்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசலைப் பெருக்கும்போது கந்தகத்தோடு கருகிய காகித வாசனை எழுந்தால், சாத்தூரில் என் தகப்பனார், அத்தா, நடத்திய அச்சகம்தான் நினைவுக்கு வருகிறது. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து அவர் வாரப் பத்திரிகை போட்ட இடம் அது; மை நாற்றமும், இயந்திரம் தடதடக்கும்போது கூடவே அதிரும் ஜன்னல் கம்பிகளும், வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் கம்பெனிகளுக்காக விற்காத இதழ்களை எடைபோட்டு வாங்க வரும் முனியாண்டியின் தராசுச் சத்தமுமாகவே இருக்கும். பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஊரோடு அச்சிட்ட இதழ்களை மட்டும் அத்தா தன் பட்டாளத்து இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பார்.

“இதுவும் பழைய பேப்பர்தான மொதலாளி, குடுங்க,” என்பார் முனியாண்டி.

“செத்தவுக பேரு இருக்குலே அதுல. அவுகள இன்னொருக்கா வெடிக்க விடச் சொல்றியா?” என்பார் அத்தா.

அத்தா இறந்த பிறகு அச்சகத்தை இடித்தார்கள். இருந்த காகிதமெல்லாம் எடைக்குப் போய்விட, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெட்டி மட்டும்தான், காலியாக.

பெருக்கிக் குவித்த துணுக்குகளில் இன்றும் பாதிப் பாதியாக எழுத்துகள் தெரிகின்றன. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் அள்ளுகிறேன்.