அக்கரைக்குக் கேட்ட ஹோன் சத்தம்

1. முதல் டிரிப்

ரிவர்ஸ்டன் மலைக்கு நான் முதன்முதலில் வேன் ஏற்றிய நாளன்று, டூர் கம்பனி முதலாளி என் ஜன்னலருகே வந்து நின்றார்.

"வேன்ல கீறல் விழுந்தா இன்சூரன்ஸ்காரன் குடுப்பான். வெள்ளக்காரன் ஒருத்தன் கொறஞ்சா எவன் குடுப்பான்? கூட்டிட்டுப் போன ஆளுங்கள அப்படியே கூட்டிட்டு வந்துரு."

"சரிங்க முதலாளி" என்றேன்.

அன்றைக்கே ஆள் குறைந்தது. ரத்தோட்டை தாண்டி வளைவெல்லாம் ஏறி, உச்சியில் வேனை நிறுத்தினேன். படம் பிடிக்க இறங்கிய இருவர் புல்மேட்டில் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். அதற்குள் பனி மூட்டம் இறங்கிவிட்டது. வேனின் முன்கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எனக்கு வேறு வழி தோன்றாமல் ஹோனை அடித்தேன். விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் இருவரும் காலில் நனைந்த சப்பாத்தோடு, சிரித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றார்கள்.

அதுவே என் தொழில் முறையாகிவிட்டது. மூட்டம் வந்தால் டிரைவர் வேனை விட்டு இறங்கக் கூடாது. அவர் ஹோன் அடிக்க வேண்டும், நடப்பவர்கள் அந்தச் சத்தத்தை நோக்கி வர வேண்டும். பலாபத்வல ஊரிலிருந்து வேன் ஓட்டிய எங்கள் டிரைவர்கள் எல்லோருமே அப்படித்தான் செய்தோம்.

2. தண்ணீருக்கு அடியில் போன ரோட்டு

மலைக்கு அந்தப்பக்கம் லக்கலைக்கு இறங்கும் பழைய ரோட்டில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் கித்துள் பனையில் காய்ச்சிய கருப்பட்டியும் கிடைக்கும். காலில் ஏறிய அட்டைப் பூச்சிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அங்கே உட்கார்ந்து சிரிக்காத வெள்ளைக்காரரை நான் பார்த்ததில்லை. பிறகு அணை கட்டினார்கள். கடை, ரோட்டு, அதன் மேல் வளைந்து நின்ற மரங்கள் எல்லாமே தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. இப்போதும் போட்டில் போகும்போது, இந்த இடத்தில்தானே மூன்றாவது கியருக்கு மாற்றுவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தத் தண்ணீரால் எங்களுக்குப் புதிய டிரிப் ஒன்று கிடைத்தது. உச்சி வரை வேன், அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் இறக்கம், கீழே தண்ணீரோரத் தட்டுப்பாறையிலிருந்து இக்கரைக்குப் போட். நான் வேனை ரோட்டால் சுற்றிக்கொண்டு போய் இக்கரையில் காத்திருப்பேன். நோர்வேயிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் இந்தத் தண்ணீரின் போட்டோவைப் பார்த்துவிட்டு இந்த டிரிப்பைக் கேட்டார்கள். அவர்கள் ஊரில் கடலே மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே வந்துவிடுமாம். அதை ஃபியோர்ட் என்றார்கள். "இது எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறது, குளிர்தான் இல்லை" என்று அந்த மனிதர் சொன்னதை என் மகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

அவர்களுக்கு வழிகாட்டியும் அவள்தான்.

3. நிரோஷா

நிரோஷா கேம்பஸ் முடித்தவள். ஆசிரியை ஆவாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவளோ கைடு பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் கூட இல்லாமல் அந்த இறக்கத்தில் அவள் ஆட்களைக் கூட்டிப்போனது அதுதான் முதல் தடவை.

"மூட்டம் வந்தா ஹோன் சத்தத்த..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, நீங்க சொல்றத கேட்டுக் கேட்டு எனக்கு மூட்டமே வந்துருச்சு" என்றாள். நோர்வேக்காரருக்கு என்ன புரிந்ததோ, அவரும் சிரித்தார். மூவரும் புல்மேட்டில் இறங்கி மறைந்தார்கள்.

நான் இக்கரைக்கு வந்து சேர்ந்தபோது அக்கரையே இல்லை. தண்ணீரின் பாதியிலிருந்து வானம் வரை வெள்ளையாக இருந்தது. போட்காரர் சோமே தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"தட்டுப்பாறையில ஆள் இல்ல அண்ணே. கூப்பிட்டுப் பார்த்தன். கொஞ்சம் வெளிச்சம் வந்தா திரும்பப் போறன். பய வென்ன எப்பா."

பயப்படாதே என்று எந்தப் பாஷையில் சொன்னாலும் எனக்குக் கேட்டிருக்காது. போனில் சிக்னல் இல்லை. வேனில் ஏறி ஹோனில் கையை வைத்தேன். இத்தனை வருஷமாக ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த ஹோன், என் பிள்ளையைக் கொண்டுவராதா?

அடித்துக்கொண்டே இருந்தேன்.

துறையில் சோமேயின் நாய் படுத்திருந்தது. ஹோன் அடிக்கத் தொடங்கியதும் எழுந்து குரைத்தது. என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அக்கரையைப் பார்த்துக் குரைத்தது. முதலில் அவர்கள்தான் வருகிறார்கள் என்று நினைத்துக் கீழே குதித்தேன். ஒருவரும் இல்லை. திரும்பவும் ஹோன் அடித்தேன். நாய் திரும்பவும் அந்தப்பக்கமே பார்த்தது.

அப்போதுதான் கவனித்துக் கேட்டேன். என் ஹோன் தண்ணீரைத் தாண்டிப் போய், அக்கரையில் தட்டுப்பாறையைத் தாண்டி நிற்கும் செங்குத்துப் பாறையில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. பாறைக்குள் இன்னொரு வேன் நிற்பதுபோல் இருந்தது. உச்சியில் திறந்த வெளி, சத்தம் வேனிலிருந்து மட்டும்தான் வரும். ஆனால் அக்கரை இறக்கத்தில் நிற்பவளுக்கு அது பாறைப் பக்கமிருந்துதான் கேட்கும். பாறையின் விளிம்புக்குக் கீழே நேராகத் தண்ணீர்தான். ஹோன் கேட்டால் அந்தச் சத்தத்தை நோக்கி வா என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கையை எடுத்தேன்.

பிள்ளை எங்கே என்று தெரியாத நேரத்தில் சும்மா இருப்பதைப்போல் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோமேயும் இஞ்சினை நிறுத்திவிட்டார்.

பிறகு மெல்லிய விசில் சத்தம் கேட்டது. நின்று, திரும்பவும் கேட்டது. பாறைக்கு மிகப் பக்கத்தில்.

"அங்க" என்றார் சோமே. துடுப்பைப் போட்டு, சத்தமில்லாமல் மூட்டத்துக்குள் போனார்.

4. கரையில்

சோமே குரல் கொடுத்துத் தட்டுப்பாறைக்கு வரவைத்த மூவரும், போட்டிலிருந்த லைஃப் ஜாக்கெட்டோடு வந்து இறங்கினார்கள். நோர்வேக்கார அம்மா என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். நிரோஷாவின் முகம் வெளுத்திருந்தது. வந்ததும் வராததுமாக என்னைத் திட்டினாள்.

"ஏம்ப்பா ஹோன நிப்பாட்டுனீங்க?"

"நீங்க அந்தச் செங்குத்துப் பாறைப் பக்கமாவா போனீங்க?"

"சத்தத்தப் பாத்துத்தானே நடந்தோம். திடீர்னு நின்னுருச்சு. நீங்களா நிப்பாட்ட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு நின்னுட்டேன். அதான் விசில் அடிச்சேன். கேக்குதா, இருக்கீங்களான்னு."

அவள் சொல்லிக்கொண்டே என் சட்டையில் முகத்தைத் துடைத்தாள். நான் அழுதேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும்.

இப்போதும் அவள்தான் அந்த டிரிப்பைக் கூட்டிப் போகிறாள். நான்தான் வேனை ஓட்டுகிறேன். மூட்டத்தைக் கண்டால் என் கை இன்னும் ஹோனைத்தான் தேடுகிறது. புதிதாக வரும் டிரைவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உச்சியில் ஹோன் அடியுங்கள், தண்ணீர்க் கரையில் அடிக்காதீர்கள். கீழே இறங்குபவரிடம் விசில் இருக்கட்டும், அதைக் கேட்கிற அளவுக்கு நீங்கள் சத்தம் போடாமல் இருங்கள்.

அவளை இறக்கிவிடும்போது இப்போதெல்லாம் நான் எதுவும் சொல்வதில்லை. அவள்தான் திரும்பிப் பார்த்து, "அப்பா, ஹோன்ல கை வைக்காதீங்க" என்கிறாள்.