கருவாட்டால் கெட்ட சென்னைப் பயணம்

படித்தவன் செய்யக்கூடாத மடத்தனத்தைச் செய்துவிட்டுத்தான் திண்டுக்கல்லில் ரயிலேறினேன். நான் இங்கிலீஷ் வாத்தியார். சென்னை ஆஸ்பத்திரிக் கடிதத்தை என் மனைவி செசிலிக்குத் தமிழில் படித்துச் சொன்னபோது, 'ஒரு மாதம் கடல் மீன் கூடாது' என்ற வரியை விழுங்கிவிட்டேன். தவக்காலம், வீட்டில் கறி கிடையாது. கருவாடும் போனால் என் தட்டில் என்ன விழும்?

செசிலிக்குக் கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. மாத்திரை போதுமா, கத்தி வைக்க வேண்டுமா என்று சென்னையில்தான் சொல்வார்கள். கோவில் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். கத்தி பட்டால் குரல் போய்விடும் என்று பயம்.

திங்கள் மாலை ஐந்தரை. மேட்டுப்பட்டியிலிருந்து ஸ்டேஷனுக்குக் குதிரை வண்டி, ஐம்பது நயா பைசா. "நல்லபடியா வாங்கம்மா. ஈஸ்டருக்கு நீங்கதான் பாடணும்," என்றார் வண்டிக்காரர்.

செவ்வாய் காலை, 260 மைல் தாண்டி எழும்பூர். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் ஈயக் குடுவையை இடுக்கியால் திறந்தார். உள்ளே சின்ன சீசாவில் தண்ணீர் மாதிரி ஏதோ.

"கதிர் வீசுற அயோடின். பம்பாய்ல அணு உலையில செஞ்சது. வெளிநாட்டுல அணுத்துகளைச் சுழட்டி அடிக்கிற ராட்சச மிஷின்லயும் இப்படி மருந்து செய்யறாங்க."

குடித்தால் கட்டி அதை இழுத்துக்கொள்ளுமாம். மறுநாள் கழுத்தின்மேல் ஒரு கருவி ஊர்ந்து, புள்ளி புள்ளியாகப் படம் போடுமாம். எனக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"மீனை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சாம்மா?"

"எதுக்கு நிறுத்தணும்? நேத்து மத்தியானங்கூட நெத்திலிக் கருவாட்டுக் குழம்புதான் டாக்டர்."

இடுக்கி அந்தரத்தில் நின்றது. மீனிலிருக்கும் அயோடினில் வயிறு நிறைந்த கழுத்து, இந்த மருந்தை ஏறெடுத்தும் பார்க்காதாம்.

"கேக்காமக் குடுத்திருந்தா படம் வெறுமையா வந்திருக்கும். கட்டி மருந்தை இழுக்கலேன்னு நெனச்சு, கத்தி வைக்கணும்னு எழுதியிருப்பேன்."

"அப்ப மருந்தை அடுத்த மாசத்துக்கு வச்சிருங்க," என்று உளறினேன்.

"எட்டு நாளைக்கு ஒருதரம் பாதி செத்துப்போற மருந்து சார் இது. உங்களுக்காகக் காத்திருக்குமா?"

செசிலி என் பையிலிருந்த கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் மூன்றாம் வரியில் விரல் வைத்துத் தமிழில் சொன்னார்.

புதன் காலை திண்டுக்கல். நெத்திலி தின்றது நானும்தான், முள் இப்போதுதான் என்னைக் குத்தியது. அதே வண்டிக்காரர், "என்னம்மா, டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "அடுத்த மாசம் திரும்பப் போறோம்ப்பா. இனி நானும் கருவாட்டைத் தொடமாட்டேன்."

செசிலி வண்டியில் ஏறி உட்கார்ந்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஒங்க நாக்கு ருசிக்கு என் தொண்டைய அறுக்கக் குடுத்திருப்பீங்க."