பனியில் திறக்காத ஜிப்

தைத்துக் கொடுத்த பையைப் பிளேடால் கிழித்துத் திருப்பி அனுப்பினால் எந்தத் தையல்காரனுக்குத்தான் மனசு ஆறும்? ஹபீப் முஹம்மதுவுக்கு ஏழு வருஷமாக ஆறவில்லை.

மரக்காணம் கடைத்தெருவில் அவருடையது பெரிய கடை ஒன்றும் இல்லை. மழைக்கு முன்னால் உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாய், லோடு வண்டிக்குப் படுதா, பள்ளிக்கூடப் பை, வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கண்டதையும் திணித்துக் கட்டுகிற பெரிய பை, இதெல்லாம் தைப்பார். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்து ஊசியைப் பிடித்தவர். அவர் போட்ட தையலைக் குறை சொல்லி ஒருத்தரும் கடை வாசலில் நின்றதில்லை, பக்கத்து அனுமந்தை மீனவர் சுப்ராயன் வந்து நிற்கும்வரை.

சுப்ராயனின் மகன் ராஜவேல் பட்டாளத்தில் மருத்துவ உதவியாளன். குண்டு பட்டவனோ பள்ளத்தில் விழுந்தவனோ, டாக்டர் கையில் போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்கிற வேலை. லக்னோவில் பயிற்சியை முடித்து முதல் தடவையாக லடாக் மலைக்குப் போனபோது, சாமான்களை வைக்க ஹபீப்தான் பை தைத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் அந்தப் பை திரும்பி வந்தது. ஜிப்பை ஒட்டி ஒரு முழத்துக்குக் கிழிசல். சுப்ராயன் அதை டீக்கடை பெஞ்சில், பத்துப் பேர் பார்க்கப் போட்டார்.

"பாய், ஒங்க ஜிப்பு சமயத்துல கால வாரிடுச்சாம்."

அவ்வளவுதான். ஏன் வாரியது, எப்படி வாரியது, ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. யாராவது ஜிப் மாற்ற வந்து நின்றால் போதும், பக்கத்து செல்போன் கடை தேவா அங்கிருந்தே குரல் கொடுப்பான்: "பாய், மறுபடி தொறக்குமான்னு கேட்டுக்க சொல்லுங்க!" ராஜவேல் லீவில் வந்து தெருவில் நடந்தால் ஹபீப் மெஷினில் குனிந்துகொள்வார்.

இந்தப் புரட்டாசியில் ராஜவேல் நேராகக் கடைக்கே வந்து நின்றான்.

"பாய், ஒரு பை தைக்கணுங்க. இத்தன வருஷம் கீழ ஆஸ்பத்திரியில இருந்தேன், பத்து நாள்ல மலைக்குத் திரும்பிப் போறேன்."

"ஏம்பா, கிழிக்கிறதுக்கு வீட்ல துணி இல்லியா?"

"இருக்குது பாய். ஆனா ஒங்க தையலக் கிழிக்கிற சொகம் அதுல வராது. அன்னிக்கு ரெண்டு பிளேடு ஒடிஞ்சிடுச்சு."

ஹபீப்புக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "உக்காரு" என்றார்.

ராஜவேலுக்கு முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். பட்டாளத்துக்காரன் போல விறைப்பெல்லாம் கிடையாது; படகில் நிற்கிறவன் மாதிரி காலை அகட்டி வைத்துத்தான் தரையிலும் நிற்பான். பன்னிரண்டாவது படிக்கும்போது சித்தப்பனின் உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறிவிட்டது. எல்லோரும் வந்த வழியே இழுக்கப் பார்க்க, இவன்தான் முள்ளை முன்பக்கம் தள்ளி, வெளியே வந்த கொக்கியைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு மிச்சத்தை உருவினான். அன்றைக்கே அவன் தாய் பாஞ்சாலை, "இவன் கடலுக்கு ஆக மாட்டான், ஆஸ்பத்திரிக்குத்தான் ஆவான்" என்று சொல்லிவிட்டாளாம்.

இந்தத் தடவை அவன் ஆன்லைனில் ஒரு பை வாங்கிப் பார்த்திருந்தான். அதைத் தூக்கி வெட்டுமேசையில் வைத்தான்.

"இருவத்திரெண்டு அறை பாய். எதுல என்ன வெச்சேன்னு நெனப்பு வர்றதுக்குள்ள அடிபட்டவன் போய்ச் சேந்துடுவான். எனக்கு மூணே அறை போதும்."

பிறகு உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினான். கோபத்தைப் பிடித்துவைக்க ஹபீப் தன்னால் ஆனமட்டும் முயன்றார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மூக்கு வளைந்து, நுனி மழுங்கிய ஒரு கத்திரியை எடுத்துக் கேன்வாஸ் துண்டில் ஓட்டிப் பார்த்தார். கடித்துக் குதறியது.

"துணி வெட்ட ஆகாதுப்பா இது."

"துணிதான் பாய் வெட்டுவோம். ஆளு போட்டுட்டு இருக்கும்போதே வெட்டுவோம். நுனி கூரா இருந்தா தோலு போயிடும்ல?"

"இந்தப் பேனா எதுக்கு? கணக்கு எழுதவா?"

"ரத்தம் நிக்க கைலயோ காலுலயோ பட்டை கட்டி, அதுல இருக்குற குச்சியத் திருகி இறுக்குவோம். கட்டுன நேரத்த அடிபட்டவன் நெத்தியில எழுதி வுட்டுடுவோம். சீட்டுல எழுதினா காத்துல பறந்துடும். நெத்தி எங்க போவுது?"

ஹபீப் தன் நெற்றியை ஒரு தடவை தடவிக்கொண்டார். அப்புறம் எதற்கும் வெட்கப்படவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். கை டார்ச்சை ஏன் ஒதுக்கி வைத்தாய்? டார்ச்சைப் பிடித்தால் கட்டு யார் போடுவது, அதனால் தலையில் மாட்டுகிற லைட். ஷூ ஏன் ஒரு சைஸ் பெரிசு? உள்ளே ரெண்டு காலுறை போகணும். எல்லாவற்றையும் ஏன் கையில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாய்? மேலே மூச்சே பாதிதான் வரும், கால் கிலோகூட அங்கே கல். மூன்று அடுக்குக் கையுறையைப் போட்டுக் காட்டினான். விரல் ஒவ்வொன்றும் மொந்தன் பழம் போல ஆகிவிட்டது.

"இந்தக் கையால சின்ன ரன்னரப் புடிச்சு எப்பிடி ஜிப்ப இழுப்ப? வெல்க்ரோ வெச்சுடலாமா?" என்று கேட்டு, தைத்து வைத்திருந்த ஒரு பையின் மூடியைத் திறந்து காட்டினார். பர்ரென்று கிழிந்தது சத்தம்.

"கேட்டீங்களா? தெருமுனை வரைக்கும் போவுது. எதுத்த பக்கம் இருக்குறவனுக்கு காது இல்லியா பாய்?"

அப்போதுதான் ஹபீப் மெஷின் மேலிருந்து கையை எடுத்தார். "சரி. அந்தப் பைய ஏன் கிழிச்ச? இன்னிக்காச்சும் சொல்லு."

ராஜவேல் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"மைனஸ் இருவது இருக்கும். பீகார்ப் பையன் ஒருத்தன் பாறையில சறுக்கி வுழுந்து தொடை பொளந்துடுச்சு. மேல போனப்புறம் அன்னிக்குத்தான் மொத தடவ அந்த ஜிப்ப இழுக்குறேன், நகரல. பல்லால கடிச்சு இழுக்குறேன், அப்பவும் நகரல. கடைசில பிளேடப் போட்டேன். நாலு நிமிஷம் போயிடுச்சு பாய்."

"பையன்?"

"பொழச்சிட்டான். நாலு நிமிஷத்துல ஒரு ஒடம்புலேர்ந்து எவ்ளோ ரத்தம் போவும்னு அன்னிக்குத்தான் பாத்தேன்."

ஹபீப் அவன் கழற்றி வைத்த கையுறையை எடுத்துப் புரட்டினார்.

"குளிர்லதான் நகரலியா?"

"அப்பிடித்தான் நெனச்சேன். ஆனா பக்கத்துல இருந்தவன் பையும் அதே குளிர்லதான இருந்துச்சு. அது தொறந்துதே. நான் ஒங்கள குத்தம் சொல்லல பாய். தொறக்கலன்னு வீட்ல சொன்னேன், அப்பா அத டீக்கடை வரைக்கும் கொண்டுபோயிட்டாரு. ஏன் தொறக்கலன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அது தெரியாம இன்னொரு பையத் தூக்கிட்டுப் போவ பயமா இருக்குது."

பக்கத்தில் இருந்தவன் பை திறந்தது என்ற சொல் ஹபீப்பைத் தூங்கவிடவில்லை. உப்பளத்துக்காரர்கள் தார்ப்பாய்க்கு நாலு தடவை ஆள் அனுப்பினார்கள். "மழை வந்தா குடை புடிச்சுக்க சொல்லு" என்று விரட்டிவிட்டார். ராஜவேல் கேட்ட மாதிரியே மூன்று அறை. தரையில் வைத்தால் புத்தகம் போல விரியணும். ரன்னரில் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு வலைக் கயிற்றில் வளையம். இருட்டில் தடவிப் பார்த்தே தெரிய, ரத்தம் நிறுத்துகிற அறைக்கு ஒரு முடிச்சு, மூச்சுச் சாமான் அறைக்கு ரெண்டு, மிச்சத்துக்கு மூணு. முடிச்சை ராஜவேலே போட்டான். மீன்காரன் போட்ட முடிச்சு, அசையவில்லை.

நாலாம் நாள் வேலை முடிந்தது. கடைசியாக, எந்த ஜிப்புக்கும் செய்வது போல, கோழி இறகைத் தேங்காய் எண்ணெயில் தொட்டுப் பல் வரிசை நெடுக ஓட்டினார். இந்த ஊரில் எண்ணெய் தொடாத இரும்பு கிடையாது. பூட்டு, கத்திரி, சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் எண்ணெய். இல்லாவிட்டால் உப்புக் காற்று மூணே மாசத்தில் தின்றுவிடும்.

"ஒடனே எடுத்துட்டுப் போவாத. குளிர்ல வெச்சுப் பாத்துடலாம்" என்றார்.

"மரக்காணத்துல குளிருக்கு எங்க பாய் போறது?"

"ஒம் பொண்டாட்டி மீன் யாவாரம்தான பண்றா? ஐஸ் பெட்டி இருக்குதுல்ல?"

அனுமந்தைக் கரையில் ராஜவேலின் மனைவி ஜெயப்ரியா பெட்டி மூடியில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"மீனு வெக்கிற பெட்டில பைய வெச்சு எடுத்துட்டுப் போனா, மலை மேல பூனைங்கதான் பாய் இவர் பின்னால வரும்."

பிளாஸ்டிக் கவரில் ரெண்டு சுற்றுச் சுற்றிப் பையை ஐஸ் தூளுக்குள் புதைத்தார்கள். ஜெயப்ரியா விடவில்லை. "வெறும் ஐஸ் பத்தாது. உப்பப் போட்டாத்தான் கடிக்கும். குச்சி ஐஸ் போடுறவன் அப்பிடித்தான செய்யுறான்" என்று மூட்டையிலிருந்து அள்ளி அள்ளிக் கொட்டிக் கிளறினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் கையை விட்டாலே விறைத்தது.

ஒரு மணி நேரம் கழித்து ராஜவேல் கையுறையைப் போட்டுக்கொண்டு வளையத்தில் விரலை விட்டு இழுத்தான்.

நகரவில்லை.

மறுபடி இழுத்தான். பையே தூக்கிக்கொண்டு வந்ததே தவிர ஜிப் அசையவில்லை. அவன் முகம் கறுத்துப்போனது. "இதேதான் பாய். அன்னிக்கும் இதேதான்."

ஹபீப் பையை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். பல்லுக்குப் பல் நடுவில் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினார். விரல் சூட்டில் அது உருகியது. மோந்து பார்த்தார்.

மார்கழி விடியலில் குளியலறைப் பாட்டிலில் எண்ணெய் உறைந்து கிடக்கும். அவர் மனைவி பாத்திமுத்து அதை வெயிலில் வைப்பாள். பிறந்ததிலிருந்து பார்த்துவருவதுதான்.

ஜிப் கம்பெனி மோசம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இவர்கள் நம்பியிருப்பார்கள். அவருக்கும் ஒரு நொடி அந்த நினைப்பு வந்தது. நாலு நிமிஷம் என்பதும் கூடவே வந்தது.

"எண்ணெ" என்றார். "நான் வெச்ச எண்ணெதான் ஒறஞ்சுபோச்சு. போன பைக்கும் நான்தான் வெச்சேன்."

ராஜவேல் பெட்டி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஜெயப்ரியாதான் பேசினாள். "ஏழு வருஷமா எங்க மாமனாரு ஒங்க பேரக் கெடுத்துட்டாருன்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே பாய், இப்ப?"

"இப்ப நான்தான் கெடுத்துக்கிட்டேன்னு போய்ச் சொல்லு. அந்த தேவா கிட்ட மொதல்ல சொல்லு."

"அங்க உப்புக் காத்தே கிடையாது பாய்" என்றான் ராஜவேல் மெதுவாக. "துருவே புடிக்காது. எண்ணெயே வாணாம்."

"இத அப்பவே வந்து சொல்றதுக்கு என்னடா?"

"நீங்கதான் மூஞ்சியே குடுக்கலியே!"

 ஹபீப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்றைக்கே ஜிப் மூன்றையும் பிரித்தெடுத்தார். சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவி, எண்ணெய் படாத புது ஜிப் வைத்து, வழுக்கி ஓடப் பல்லில் பென்சில் முனையை மட்டும் தேய்த்தார். மறுநாள் மறுபடி ஐஸ், மறுபடி உப்பு, இந்தத் தடவை ரெண்டு மணி நேரம். ராஜவேல் ஒரு விரலால் இழுத்தான். சரசரவென்று ஓடியது. ஹபீப் தானும் இழுத்துப் பார்த்தார், மூடினார், மறுபடி இழுத்தார். ஜெயப்ரியா பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராஜவேல் கடைக்கு வந்தான். சாமான் எல்லாம் பையில் ஏறியிருந்தது. மூன்று அடுக்குக் கையுறையை எடுத்து மேசையில் வைத்தான்.

"இன்னொரு தடவ பாக்கணுமா? போட்டுக்கோ" என்றார் ஹபீப்.

"நான் இல்ல பாய். நீங்க போடுங்க."

"நான் எதுக்குப்பா? எனக்கு என்ன தெரியும்?"

"அதுக்குத்தான். அடி எனக்கே பட்டுதுன்னா இந்தப் பைய வேற எவனோதான் தொறக்கணும். அவனுக்கும் ஒண்ணும் தெரியாது, கையும் நடுங்கும். அவனுக்குத் தொறக்குதான்னு பாக்காம நான் எப்பிடிப் போறது?"

பையைத் தரையில் வைத்தான். பாதி தைத்துக் கிடந்த உப்பளத்துத் தார்ப்பாயின் மேல் மல்லாந்து படுத்து, வலது காலை நீட்டினான்.

"கண்ண இறுக்கி மூடிக்கோங்க. ஒத்த முடிச்சத் தேடிப் புடிச்சு, பட்டைய எடுத்து என் தொடையில கட்டிக் குச்சியத் திருகுங்க. வலிக்குதுன்னு கத்துவேன் பாய், அதக் கேட்டு விட்டுடாதீங்க."