நிறம் குறிக்காத தேடல்

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் டேனியல் பதினெட்டு ஆண்டுகள் கணினி முன் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க் கடைகள் கேட்கும் நிறத்தைத் தட்டி, அந்தப் புடவை கிடங்கில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்வது வேலை. கிடங்கும், புடவைப் பட்டியலை வைத்திருக்கும் சர்வரும் கடையிலிருந்து தள்ளி, தாமல் ஊருக்குப் போகும் சாலையில் இருந்தன.

ஒரு தேடலுக்குப் பதினோரு நிமிடம் ஆகும். காலை ஒன்பதுக்கு முதல் தேடலைத் தட்டிவிட்டு, சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் மகள் சுகாசினிக்குப் போன் செய்வார். மனைவி மேரி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. “வந்துக்கினு இருக்குதும்மா” என்று தொடங்குவார். பிறகு ஏரித் தண்ணீர், பக்கத்து வீட்டுப் பூனை, குழைந்துபோன சோறு. திரையில் புடவை வந்ததும் வைத்துவிடுவார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்த சுகாசினி, முதலாளியிடம் கேட்டு நிரலைத் திறந்து பார்த்தாள். அரக்குப் புடவை கேட்டால் சர்வர் நாற்பதாயிரம் புடவைகளையும் படத்தோடு கடைக்கு அனுப்பியது. இங்கே வந்த பிறகுதான் அரக்கு எது என்று பொறுக்கியது. ஒரு புடவைக்காகக் கிடங்கையே வண்டியில் ஏற்றியது போல. நிறத்தைச் சர்வரிலேயே பார்த்துப் பொறுக்கும்படி மாற்றினாள். ஏழு பதிவுகள் மட்டும் வந்தன. ஒரு நொடிகூட ஆகவில்லை.

“நிறத்தை மட்டும் காலியா விடாதப்பா. விட்டா மறுபடியும் எல்லாம் கிளம்பி வந்துடும்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளா என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரம் போன் வரவில்லை. பிறகு ஒருநாள், சரியாக ஒன்பதுக்கு வந்தது.

“இன்ஜினியரம்மா, உன் ரிப்பேரு ஒரு மாசம்கூடத் தாங்கலை. வந்துக்கினுதான் இருக்குது.”

அவளுக்குச் சுருக்கென்றது. மீட்டிங் என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னாள். நாளாக ஆக, அந்த நேரத்துப் போனை எடுப்பதையே விட்டாள்.

ஜூலையில் மாரடைப்பு.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவருடைய பொருட்களை எடுக்கக் கடைக்குப் போனாள். பழுது எங்கே என்று பார்த்துவிடலாம் என்று, ஒவ்வொரு தேடலையும் சர்வர் தானாக எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்தாள். எல்லாத் தேடலும் ஒரு நொடிக்குள். தினம் ஒன்றைத் தவிர. காலை ஒன்பது மணி, நிறம் காலி, நாற்பதாயிரம் பதிவு, பதினோரு நிமிடம். ஜனவரியிலிருந்து, அவர் இறந்ததற்கு முந்தின நாள் வரை.

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். நிறத்தைக் காலியாக விட்டுத் தேடலைத் தட்டினாள்.

புடவை மடித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண் கலைவாணி எட்டிப் பார்த்தாள். “இன்னும் ஸ்லோவாத்தான் இருக்குதாக்கா?”

“வந்துக்கினு இருக்குதும்மா” என்றாள் சுகாசினி.