தம்பிக்குப் போர்த்திய பொன்னாடை

இந்தச் சாட்சியைச் சொல்லும்படி நம் செபக்கூட்டத்தை நடத்தும் பிலிப் அண்ணை என்னிடம் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் மாட்டேன் என்றேன். நாலாம் தரம் கேட்டபோது, "நான் வாயைத் திறந்தா சனத்துக்குக் கோபம் வரும். பரவாயில்லையோ?" என்றேன். "வரட்டும் பிள்ளை. நீர் கதையும்," என்றார். ஆகவே கேளுங்கள். ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். ஆனால் அவர் கேட்ட விதத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

என் தம்பி அன்ரனை உங்களில் பலருக்குத் தெரியும். லா கூர்னெவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினவன். நாலு வருடத்துக்கு முன் முதுகு பிடித்துக்கொண்டது. டொக்டர் நோவுக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார். அது அபின் வகைக் குளிசை என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். முதுகு சுகமாகிவிட்டது, குளிசையை விட முடியவில்லை. டொக்டர் நிறுத்தியதும் வெளியில் வாங்கத் தொடங்கினான்.

மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டில்தான் இருந்தான். சப்பாத்துக்குள், அரிசிப் பேணிக்குள் என்று ஒளித்து வைப்பான். நான் தேடி எடுத்து எறிவேன். அவன் மாதா மேல் சத்தியம் பண்ணுவான், செத்துப்போன அம்மா மேல் சத்தியம் பண்ணுவான். அடுத்த கிழமை பேணிக்குள் திரும்பவும் கிடக்கும். எனக்கு அலுத்துப்போனது. "செத்துத் துலை," என்றுகூட ஒருநாள் சொன்னேன். சொன்ன வாய் இதுதான்.

பிறகு ஒரு சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விட்டான். உண்மையாகவே விட்டான். அப்போது ஒரேயொரு செபம்தான் செய்தேன். ஆண்டவரே, இவன் திரும்ப விழப்போனால், வாயில் போட முதல் எனக்கு ஒரு போன் எடுக்கப் பண்ணும். பெரிய அற்புதம், புதுமை எதையும் நான் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் அவனை இந்த மேடையில் ஏற்றினீர்கள். நாங்கள் எதற்கும் பொன்னாடை போர்த்துகிற சனம். பாடினாலும் போர்த்துவோம், பேசினாலும் போர்த்துவோம். குளிசையை விட்டவனுக்கும் போர்த்தினோம். "பூரண விடுதலை" என்று மைக்கில் சொன்னார்கள். நானும் கை தட்டினேன். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமை யார் புதிதாக வந்தாலும், "தம்பி, உங்கடை சாட்சியை ஒருக்காச் சொல்லுங்கோ" என்பீர்கள். அவனும் எழும்பிச் சொல்லுவான்.

ஒருநாள் கூட்டம் முடிந்து லெ பிளாங்-மெனிலில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் கேட்டான்.

"அக்கா, நான் இனி விழுந்தா ஆரிட்டைச் சொல்லுறது?"

"விசர்க் கதை கதையாதை. ஆண்டவர் சுகப்படுத்தினவன் ஏன் விழப்போறாய்?" என்றேன்.

அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்தேன்.

அதோடு நின்றேனா? சிகிச்சை நிலையத்து நேர்ஸ் ஒரு மூக்கு மருந்து தந்திருந்தார். அளவு மிஞ்சி மூச்சு நிற்கப்போகிறவனுக்கு மூக்கில் அடிப்பது. பல மாதம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, திரும்ப விழுகிற நேரம்தான் பெரிய ஆபத்து என்று பிரெஞ்சில் இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டினேன். வீட்டில் அதை வைத்திருப்பது விசுவாசக் குறைவு என்று நினைத்துக் குப்பையில் போட்டேன்.

போன வருடம் தவக்காலம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்தேன். அன்ரன் சோபாவில் கிடந்தான். பெரிய குறட்டை. தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். களைத்துப்போனான், நித்திரை கொள்ளட்டும் என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சமைக்கப் போனேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தபோது குறட்டை நின்றிருந்தது. சொண்டு நீலமாகியிருந்தது.

அவசர வண்டி வந்தது. அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் போட்டது பழைய அளவுதான் என்று பிறகு சொன்னார்கள். அந்தக் குறட்டை நித்திரைக் குறட்டை இல்லை, மூச்சுக்கு அந்தரப்பட்ட சத்தம் என்றும் சொன்னார்கள். அவனுடைய போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எடுக்கவில்லை. ஒருவருக்கும் எடுக்கவில்லை.

சனம் என்ன கதைக்கும் என்று பயந்து, மாரடைப்பு என்றோம். லா சப்பல் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்டின மரண அறிவித்தலிலும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த மாதம் முழுக்க நான் செபிக்கவில்லை, ஆண்டவரோடு சண்டைதான் பிடித்தேன். ஒரு போன்தானே கேட்டேன், அதுகூட உமக்குப் பாரமோ என்றேன்.

அவன் செத்து முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, இதே மண்டபத்தில் சாப்பாடு. ஒருவர் கறியை அள்ளிப் போட்டுக்கொண்டு, "நாப்பது வயசிலை மாரடைப்பு. எல்லாம் கொழுப்புச் சாப்பாடு," என்று தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன். குளிசை, பொன்னாடை, நான் எறிந்த மருந்து, பஸ்ஸில் அவன் கேட்ட கேள்வி. சிலர் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

மூன்று கிழமை கழித்து, லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறேன், போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பொடியனின் குரல்.

"அக்கா, அண்டைக்கு மண்டபத்திலை நீங்கள் சொன்னதைக் கேட்டனான். நானும் அஞ்சு மாசமா விட்டிருந்தனான். இப்ப குளிசை கையிலை கிடக்கு. இன்னும் போடேல்லை."

"எங்கை நிக்கிறாய்?"

"கார் து நோர் ஸ்டேசனிலை."

"அப்பிடியே நில். போனை வைக்காதை. வாறன்."

எடுத்த முருங்கைக்காயைத் திரும்பத் தட்டில் போட்டுவிட்டு ஓடினேன். வழி முழுக்க அவன் அழுதான், நான் ஏசினேன். போய்ச் சேர்ந்ததும் குளிசைகளை என் கையில் தந்தான். நேரே அன்ரன் போன அதே சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். அங்கே கதிரையில் காத்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வாயில் போட முதல் ஒரு போன். நான் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது. என் தம்பிக்குக் கேட்டது, இன்னொருத்தியின் தம்பிக்குக் கிடைத்திருக்கிறது. "பிந்தி வந்தீரே, ஆண்டவரே," என்று அழுதேன். பிறகு நன்றியும் சொன்னேன். இரண்டையும் மனதாரத்தான் சொன்னேன்.

அவன் இன்றைக்கு உயிரோடு இருக்கிறான். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறான். திரும்பிப் பார்க்காதீர்கள். அதற்குப் பிறகும் ஒருமுறை விழுந்தான். எனக்குச் சொன்னான், திரும்பவும் போனோம். பெயர் சொல்லமாட்டேன். அவனை மேடையேற்றவும் விடமாட்டேன்.

என் கைப்பையில் இப்போது செபமாலையும் மூக்கு மருந்தும் ஒன்றாகக் கிடக்கின்றன. நீங்களும் பார்மசியில் கேட்டு ஒன்றை வாங்கி வையுங்கள். ஆண்டவரை நம்புங்கள். நானும் ஏசிக்கொண்டேதான் நம்புகிறேன். பிள்ளையோ, புருசனோ விழுந்தேன் என்று வந்து சொன்னால், என்னைப்போல வாயை அடைக்காதீர்கள்.

பிலிப் அண்ணை, பின் கதிரையில் மடித்து வைத்திருக்கிற பொன்னாடையை வரும்போதே கண்டுவிட்டேன். அதைத் திரும்பக் கொண்டுபோங்கள். எனக்கு யாராவது போன் எடுத்தால் போதும்.