கொக்கியைச் சுற்றி ஒரு விரிசல்

இது ராத்திரியில் நடக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, நல்ல வெளிச்சத்தில் நடந்தது. நான் குடிக்கிறவன் இல்லை. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. அம்பத்தூர் மேனாம்பேட்டில், என் சொந்த வீட்டில், என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஏழு வருஷமாக என் மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. பயத்தால் இல்லை. சொன்னால், நான் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

1972. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்ட். வீடு அப்பா கட்டியது; அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். முன்னறைக்கும் சமையலறைக்கும் ஓடு. நடு அறைக்கு மட்டும் காங்கிரீட் தளம். அந்தக் காலத்தில் எங்கள் தெருவிலேயே காங்கிரீட் போட்ட வீடு எங்களுடையதுதான். நைனா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள்.

அந்த செப்டம்பர் மழையில் நடு அறைக் கூரையிலிருந்து தட்டு அகலத்துக்கு ஒரு பத்தை விழுந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. துரு ஏறி, தோல் உரிந்து, புடைத்துக்கொண்டு நின்றது.

தங்கவேல் மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். ஏணி போட்டு ஏறி, சுத்தியலைத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். ஓரத்தில் ‘டங் டங்’ என்று கேட்டது. நடுவில், தொட்டில் கட்டும் கொக்கியைச் சுற்றி, ‘பொத்... பொத்...’ என்றது.

“அண்ணாத்தே, இது பூசுற வேல இல்ல. கம்பி ஊதிக்கினு கீது. மேல எத்தப் பூசினாலும் உள்ள தின்னுக்கினேதான் இருக்கும். மொத்தமா தட்டி எடுத்துட்டு புதுசா தளம் போட்டுடு.”

“எத்தினி நாளு ஆவும்?”

“இடிச்சி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, தண்ணி உட்டு, பலகை பிரிக்க... ஒண்ணரை மாசம் வெச்சிக்கோ.”

“தங்கச்சி தலைப் பிரசவத்துக்கு வருது, மேஸ்திரி. அடுத்த மாசம் கொயந்த.”

“அப்ப இந்த ரூம்ல படுக்க வெக்காத.”

வேறு எங்கே படுக்க வைப்பது? முன்னறையில் தெருவில் போகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான். ‘வீட்டில் வேலை நடக்கிறது, இப்போது அனுப்பாதீர்கள்’ என்று அவள் மாமியார் வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம். அப்படிச் சொன்னால், தாய் இல்லாத பெண்ணுக்கு அண்ணன் வீட்டில் இடமில்லை என்று அவர்கள் பேசுவார்கள். அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். என் தங்கச்சி தலைக்கு மேலே இருந்ததை நினைக்கவில்லை.

“பூசிடு மேஸ்திரி. பிரசவம் முடிஞ்சி அது ஊட்டுக்குப் போனதும் இடிச்சிக்கலாம்.”

தங்கவேல் கம்பியைத் தேய்த்து, சிமெண்ட் பூசி, வெள்ளையும் அடித்துக் கொடுத்தார். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது.

“மேஸ்திரி இன்னா சொன்னாரு?” என்று என் மனைவி வரலட்சுமி கேட்டாள்.

“பூசினா போதும்னுட்டாரு” என்றேன்.

அந்தப் பொய்தான். அதிலிருந்துதான் எல்லாம்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி தங்கச்சி கெங்கம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நடு அறைக்கு வந்தாள். அம்மாவின் பழைய புடவையைக் கொக்கியில் கட்டித் தூளி போட்டோம்.

“அண்ணா, இந்தக் கொக்கி தாங்குமா?”

நான் முக்காலி மேல் ஏறி, கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக் காட்டினேன். “என்னையே தாங்குது. இந்தப் பூனக்குட்டியத் தாங்காதா?”

அவள் சிரித்தாள்.

நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. நைட் ஷிப்ட் முடித்து வந்து முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்த பிறகு பெண்கள் இரண்டு பேரும் பின்னால் கிணற்றடியில் குழந்தைத் துணி துவைப்பார்கள். குழந்தை தூளியில் தூங்கும்.

ணங்...

கண் விழித்தேன். இரும்புச் சட்டியைத் தரையில் வைக்கிற சத்தம். சாந்துச் சட்டி. நடு அறையிலிருந்து வந்தது. கூடவே ஒரு வாசனை. ஈர சிமெண்ட் வாசனை. பூசி ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து.

என் கால்மாட்டில் குழந்தை படுத்திருந்தது. தரையில், மடித்துப் போட்ட துணி மேல். தூங்கிக்கொண்டிருந்தது.

வரலட்சுமி ஈரக் கையோடு வந்தவள் கத்தினாள். “கொயந்தைய யாரு தரைல போட்டது? நீங்களா?”

“நான் இல்ல. நீ தூக்கியாந்தேன்னு நெனச்சேன்.”

“நான் கெணத்தாண்ட கீறேன். நான் எப்டி தூக்குவேன்?”

கெங்கம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். குழந்தையை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் நான்தான் தூக்கி வந்திருப்பேன் என்று முடிவு செய்தார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை. அதே இரண்டு பத்து.

ணங்...

நான் உடனே எழுந்தேன். குழந்தை என் பக்கத்தில். நடு அறையில் தூளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக... இன்னும் மெதுவாக... நின்றது.

குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் ஈரம். தொட்டுப் பார்த்தேன். சிமெண்ட். ஐந்து விரல். பெண்பிள்ளையின் விரல் மாதிரி மெல்லிசாக.

தூளிக்கு நேர் மேலே நிமிர்ந்து பார்த்தேன்.

கொக்கியைச் சுற்றி ஒரு விரிசல். தலைமுடி கனம்தான். வட்டமாக ஓடியிருந்தது.

இங்கேதான் என் பாவம். நான் அந்த நிமிஷமே தூளியை அவிழ்த்திருக்க வேண்டும். பெண்களைக் கூப்பிட்டு, ‘நான் பொய் சொன்னேன், மேஸ்திரி இடிக்கத்தான் சொன்னார்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் துணியைச் சுருட்டி ஒளித்து வைத்தேன். முக்காலி மேல் ஏறி, விரலில் சுண்ணாம்பு தொட்டு, விரிசல் மேல் தடவினேன். மறைந்து போயிற்று. குழந்தைக்கு வேறு துணி சுற்றி, மறுபடியும் தூளியிலேயே போட்டேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை நான் தூங்கவில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். கிணற்றடியில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு மணி ஐந்து. சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஏழு... எட்டு...

துணி அடிக்கிற சத்தம் நின்றது.

காக்கைச் சத்தம்கூட இல்லை.

ணங்...

எழுந்து நடு அறை வாசற்படிக்குப் போனேன்.

தூளிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். எனக்கு முதுகு காட்டி.

புடவை மேல் ஆம்பளைச் சட்டை. தலையில் சும்மாடு. முழங்கை வரை சிமெண்ட்.

ஈரமாக இருந்தது... சொட்டியது.

குனிந்தாள். குழந்தையை எடுத்தாள்.

“ஏய்! யாரும்மா நீ! புள்ளைய உடு!”

அவள் உடம்பு தூக்கிப் போட்டது. திரும்பினாள்.

முகம் இருந்தது... ஆனால் முழுக்க சிமெண்ட்.

கண் மட்டும் தெரிந்தது.

என்னை நோக்கி வந்தாள். வேகமாக. குழந்தையோடு.

என்னைத் தாண்டிப் போனாள். மூச்சு முட்டியது. சிமெண்ட் வாசனை.

நான் பின்னாலேயே ஓடினேன். முன்னறை. வாசல்...

பின்னால் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

வீடு அதிர்ந்தது.

வாசற்படியில் குழந்தை கிடந்தது. வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தெருவில் யாரும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். நடு அறையிலிருந்து புழுதி புகை மாதிரி வந்துகொண்டிருந்தது. கூரையின் நடுப்பகுதி அப்படியே பெயர்ந்து விழுந்திருந்தது. அம்மாவின் புடவை ஒரு முழம் மட்டும் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

கெங்கம்மாள் ஓடி வந்ததையும், அவள் போட்ட கூச்சலையும் எழுத எனக்குக் கை வரவில்லை. நான் குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். அவள் என் காலில் விழுந்தாள். “நீ இல்லாங்காட்டி எம்புள்ள போயிருக்கும்ணா” என்றாள். தெரு முழுக்க அதையே பேசியது. மாமன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினான் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பாராட்டப் பாராட்டத் தலை குனிந்து நின்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தங்கவேல் மட்டும் வந்து பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார். “நான் சொன்னனே, அண்ணாத்தே.” அதற்கு மேல் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

கெங்கம்மாளை மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மீதித் தளத்தை இடிக்கத் தங்கவேல் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். பெயர் அப்பாவு. அறுபது வயசிருக்கும். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

“இந்த ஊடா?” என்றார்.

“ஏன் பெரியவரே?”

“அம்பத்தொம்பதுல இந்தத் தளம் போட்டப்ப நான் வேல செஞ்சேன். முட்டு குடுத்த சவுக்குக் கட்டைல ரெண்டு உளுத்துக் கெடந்துது. மாத்தணும்னு ஒங்க நைனா கைல சொன்னேன். நல்ல நேரம் போயிடும், கயிறு சுத்தி நிறுத்துடான்னாரு.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“சித்தாளு ஒருத்தி. பொன்னம்மான்னு பேரு. கைப்புள்ளைக்காரி. அடியில நெயலா கீதேன்னு அந்தக் கட்டைலயே தூளி கட்டிப் புள்ளைய உட்டுட்டு சாந்து சொமந்துகினு இருந்தா. சாப்பாட்டுக்கு அப்பால, மத்தியான நேரம். கட்டை முறியிற சத்தம் கேட்டதும் சட்டியக் கீய போட்டுட்டு உள்ள ஓடுனா. மேல இருந்தது மொத்தமும் எறங்கிடிச்சி. புள்ள போயிடிச்சி. நாலாம் நாளு ஒங்க நைனா மறுபடியும் தளம் போட்டாரு. அதான் இது.”

எனக்கு அப்போது பதினேழு வயசு. சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். நைனா இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அவரும் என்னை மாதிரியே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் ஆவிதான் வந்திருக்கிறது. தன் பிள்ளையை எடுக்க முடியாதவள் என் தங்கச்சி பிள்ளையை எடுத்திருக்கிறாள்.

“அந்தம்மாவும் அப்பவே செத்துட்டாங்களா?”

அப்பாவு என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“செத்தாளா? யார் சொன்னது? கொரட்டூர் ஏரிக்கரைல அவ தம்பி ஊட்ல கீறா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கொரட்டூர் போனேன். பொன்னம்மாவின் தம்பி வேலைக்குப் போயிருந்தார். பொன்னம்மாவைப் பார்க்க வேண்டும் என்றதும் தம்பி மனைவி என்னை உள்ளே விட்டாள். இருட்டான அறையில் கோரைப்பாயில் ஒரு பெண் படுத்திருந்தாள். நாற்பது வயசுகூட ஆகியிருக்காது. தலை முழுக்க நரை. போர்வைக்குக் கீழே இரண்டு கால்களும் குச்சி மாதிரித் துவண்டு கிடந்தன.

“இடுப்பு ஒடிஞ்சிடுச்சி” என்றாள் தம்பி மனைவி. “பதிமூணு வருசமாச்சி. இந்தப் பாய உட்டு நவுந்ததில்ல. எல்லாம் நான்தான் தூக்கி எடுக்கணும்.” சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நைனாவுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்திருந்தேன். எனக்காகவும். நான் யார், எந்த ஊர் என்று இன்னும் சொல்லவே இல்லை. என் முகத்தை அவள் அதற்கு முன் பார்த்திருக்க வழியே இல்லை.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நீ அப்டி கூவியிருக்கக் கூடாது, கண்ணு” என்றாள். “கை நடுங்கிடிச்சி. புள்ளையக் கீய உட்டுருப்பேன்.”