பரணில் முளைத்த விதைநெல்

தஞ்சாவூரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் நிலம் பாபநாசத்தில். ஆற்றில் தண்ணீர் வந்ததும் குறுவைக்கு விதைக்கலாம் என்று விதைநெல் மூட்டையைப் பரணில் வைத்திருந்தோம். ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினால், மேல்தளத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. மூட்டை தொப்பலாக நனைந்து, சாக்கின் இடுக்கில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோபமாக மாடிக்குப் போனேன். அங்கே குடியிருக்கும் செல்வி, "நாங்க எப்பவும் போலத்தானே குளிக்கிறோம்? பைப்பு ஓனரோடது, அவரக் கேளுங்க" என்றாள். ஓனருக்கு போன் செய்தால், "தண்ணி விட்டது அவங்க. விதைநெல்ல வீட்டுக்குள்ள ஏத்தினது நீங்க. நான் என்னம்மா பண்ண?" என்கிறார். தப்பு யாருடையது என்று எனக்கே குழம்பிவிட்டது.

அதற்குள் செல்வி இறங்கி வந்து மூட்டைக்குள் கை விட்டாள். "சண்டைய அப்புறம் போட்டுக்கலாம் அக்கா. முளை நீண்டுட்டா வீணாப் போயிடும். உங்க ஊர்ப் பக்கந்தான் எங்க அண்ணன், போர்செட் இருக்கு. இன்னைக்கே அவரு நாத்தங்கால்ல விட்டுடலாம்."

விட்டோம். ஆற்றில் தண்ணீர் வந்தபோது ஊரிலேயே முதல் நடவு எங்களுடையது.

கசிவுக்கு யார் பொறுப்பு என்பது இன்னும் தீரவில்லை. பரணில் இப்போது வாளி நிற்கிறது. விதைநெல்லைக் கட்டிலடியில் வைக்கிறேன். "பரண்லயே வைங்க அக்கா, இந்தத் தடவையும் முதல் நடவு உங்களோடதுதான்" என்று செல்வி சிரிக்கிறாள். அவளை முறைப்பதா, அவளுக்கு நன்றி சொல்வதா?